ஒவ்வொரு அடியும்

ஐஸ் பெட்டி மூன்றாவது முறையாக நின்றுபோனது. ரேவதி சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலைப் பக்கவாட்டில் நீட்டி, வலது முட்டியை மட்டும் மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்படித்தான் உட்கார வரும். ஃப்ரிட்ஜுக்காகப் போட்ட பிளக் பாயிண்ட் தளர்ந்து கிடந்தது. தினத்தாளில் ஒரு துண்டைக் கிழித்து நாலாக மடித்து, பிளக்குக்குக் கீழே முட்டுக் கொடுத்தாள். பெட்டி மறுபடியும் உறுமத் தொடங்கியது.

கண்ணாடிக்குக் கீழே அவளுடைய நைனா கலியமூர்த்தி படுத்திருந்தார். நெற்றியில் ஒற்றை ரூபாய். தாடையைத் தூக்கிக் கட்டிய வெள்ளைத் துணி. உதட்டோரம் லேசாக விரிந்து, சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று உறைந்திருந்தது. நேற்று மதியத்திலிருந்து வந்துபோகிற எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

"இன்னா சாந்தமா கீறாரு பாரு. தூங்கறாப்புல."

ரேவதிக்கு அந்தச் சாந்தம் புதிதல்ல. ஐந்து வருஷமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் அதைப் பார்த்து வந்திருக்கிறாள்.

அறுபத்தோரு வயது வரை கலியமூர்த்தி குடித்தார். மண்ணூர்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் தகடு வெட்டினார், வெட்டிய களைப்பில் குடித்தார், குடித்த வேகத்தில் அடித்தார். இன்னொரு குவாட்டர் உள்ளே போனால் கல்லீரல் வெளியே வந்துவிடும் என்று டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்ன பிறகு நிறுத்தினார். நிறுத்தியவருக்குக் காலையில் பொழுது போகவில்லை. ஏரிக்கரைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். அங்கேதான் வெள்ளை டி-ஷர்ட்காரர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள்.

ஏரிக்கு எதிரில் எழும்பிய பதினான்கு மாடிக் குடியிருப்பின் ஆட்கள் அவர்கள். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி என்று பல ஊர்களிலிருந்து வந்து, பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்துவிட்டு, விடிகாலையில் நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வெறும் நடை இல்லை. பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. ஓர் அடி வைத்தால் அந்த அடியை மட்டும் கவனிக்க வேண்டும். குதிகால் பட்டது, பாதம் பட்டது, விரல் பட்டது. மூச்சு வந்தது, மூச்சு போனது. கொக்கு தெரிந்தால் கொக்கைப் பார்க்கலாம், அதைப் பற்றி எதுவும் நினைக்கக் கூடாது. இதற்கு மைண்ட்ஃபுல்னஸ் என்று பெயர். முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி. அந்தக் கூட்டத்தில் உள்ளூர்க்காரர் கலியமூர்த்தி ஒருவர்தான். அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"மைண்டு ஃபுல்லாம்," என்று ரேவதியின் அம்மா பேபி தெருக்குழாயடியில் சொல்லிச் சிரித்தாள். "இத்தினி வருசம் குவாட்டரு, ஆஃபு. இப்பதான் ஃபுல்லுக்கு வந்துகீறாரு."

கலியமூர்த்திக்கு அதில் எது பிடித்துப்போனது என்று ரேவதிக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தின் வேதத்தில் நேற்று என்பது கிடையாது. நடந்தது போய்விட்டது, இருப்பது இந்த நிமிஷம் மட்டும். முப்பது வருஷம் குடித்த மனிதனுக்கு இதைவிட வசதியான மதம் உலகத்தில் இல்லை. ஞானஸ்நானம்கூடத் தேவைப்படவில்லை. ஏரியைச் சுற்றி வந்தால் போதும், எல்லாம் கழுவிவிட்டாற்போல் ஆகிவிடும். வீட்டுக்கு வந்து, மென்று தின்னச் சொல்லிப் பேபிக்குப் பாடம் எடுப்பார். குழாய் சொட்டுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். வாஷர் மாற்றமாட்டார்.

நேற்று என்பது ரேவதியின் இடது இடுப்பில் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயது. மாங்காடு அம்மன் கோயிலிலிருந்து நைனாவின் மொபெட்டில், அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு வந்தாள். காட்டுப்பாக்கத்தில் அவர் வண்டியை நிறுத்தி ஒரு கடைக்குள் போய்விட்டு வந்தார். வந்து ஓட்டியதில் வண்டி பள்ளத்தில் இறங்கியது. அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் வாடையைப் பிடித்துப் போலீஸ் கேஸ் ஆக்கிவிடுவார்கள் என்று, தெரிந்த ஒருவரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டார்கள். எலும்பு அதன் இஷ்டத்துக்குச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவளுடைய இடது செருப்பு மூன்று மாதத்தில் வெளிவிளிம்பு தேய்ந்து காகிதமாகிவிடும். வலது புதிதாகவே இருக்கும். ஒற்றைச் செருப்பு விற்கிற கடை எதுவும் இல்லை.

இருபத்தைந்து வருஷமாக, யார் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில். "சின்ன வயசுல வுழுந்துட்டா." நைனா சொல்வார், அம்மா சொல்வாள், சித்தப்பா தசரதன் சொல்வார். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்கள், பெண் பார்க்க வந்தவர்களிடமும் அப்படித்தான். வுழுந்துட்டா. மரத்திலிருந்து மாங்காய் விழுகிற மாதிரி, பக்கத்தில் யாருமே இல்லாத மாதிரி. போட்டுட்டேன் என்ற சொல்லை அந்த வீட்டில் ஒருவரும் வாயில் எடுத்ததில்லை. ரேவதிக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். மன்னிப்புகூட வேண்டாம். நேற்றோடு, அதைச் சொல்ல வேண்டிய வாயைத் துணியால் கட்டியாகிவிட்டது.

கடைசியாக அவள் கேட்டது பொங்கல் கழிந்த வாரம். ஸ்விட்ச் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று சரக்கு சோதித்துவிட்டு வந்து, இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வலிய எதிர்க்காத கண்ணு. சும்மா பாத்துகினே இரு. வரும், போவும்."

"இருவத்தஞ்சு வருசமா வந்துகினேதான் கீது. எப்டி வந்துச்சு நைனா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உன்னத்தான் கேக்கறேன். எப்டி வந்துச்சு?"

"போனத நோண்டினா இந்த நிமிசம் கெட்டுப்பூடும்மா," என்றார், கண்ணைத் திறக்காமலே.

அதற்குப் பிறகு நாலு மாதமாக ரேவதி அவரோடு பேசவில்லை. அவருக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதாகவும் தெரியவில்லை. மௌனம்தான் அவருக்குப் பயிற்சியாயிற்றே.

வெள்ளை டி-ஷர்ட் கூட்டம் பதினொரு மணிக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஷூக்களைக் கழற்றி வாசலில் ஒரே கோட்டில் அடுக்கினார்கள். எல்லார் மார்பிலும் பச்சை எழுத்தில், 'ஒவ்வொரு அடியும் விழிப்போடு'.

பந்தல் கம்பில் சாய்ந்திருந்த தசரதன் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "எங்கண்ணன் குடுத்த அடிக்குப் பொணமே முழிச்சுக்கும்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். கேட்டவர் சிரிப்பை மறைக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

வந்தவர்கள் பெட்டியைச் சுற்றி நின்று கண்ணை மூடினார்கள். ஒருவர் விரலால் சைகை காட்ட, எல்லாரும் நீளமாக மூச்சை இழுத்து விட்டார்கள். மூன்று முறை. பேபியைச் சுற்றி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தி, இவர்கள் எப்போது கண் திறப்பார்கள் என்று காத்திருந்தார்கள். திறந்ததும் ஓர் இளம்பெண் பேபியின் பக்கத்தில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தாள். பெயர் எழிலரசி என்று சொல்லிக்கொண்டாள்.

"அம்மா, அழுகை வந்தா வரட்டும். ஆனா உங்க மூச்சு மேல கவனம் வைங்க."

"மூச்சு வுட்டுகினுதாம்மா கீறேன்," என்றாள் பேபி. "வுடாத ஆளதான் பொட்டில வச்சு கீது."

கூட்டத்தின் தலைவர் போலிருந்தவன் அரவிந்தன். நாற்பது வயதிருக்கும், செதுக்கிய தாடி. அவன் ஒரு துணிப்பையோடு ரேவதியிடம் வந்தான்.

"அவரோட திங்ஸ். போன், தண்ணி பாட்டில், செருப்பு. பெஞ்ச்சுக்குக் கீழ இருந்தது. ஆம்புலன்ஸ்ல ஏத்தற அவசரத்துல விட்டுப்போச்சு."

ரேவதி பையை வாங்கிக்கொண்டாள். "எத்தினி மணிக்கு உக்காந்தாரு?"

"ஆறே காலுக்கு. நடை முடிஞ்சதும் எல்லாரும் கண்ண மூடி உக்காருவோம். மணி அடிச்சா எழுந்துடுவோம். சார் எழுந்திருக்கல. ரொம்ப ஆழமா போயிட்டார்னு நெனச்சோம்."

"எவ்ளோ நேரம் அப்டியே வுட்டீங்க?"

"நாப்பது நிமிஷம் இருக்கும்." அவன் குரல் இறங்கியது. "அந்த நேரத்துல யாரையும் தொடக் கூடாதுங்கறது எங்க ரூல். அவரப் பாத்துக்கிட்டேதான் கஞ்சி குடிச்சோம். எவ்வளவு அசையாம இருக்கார் பாருங்கன்னு புதுசா வந்தவங்களுக்குக் காட்டினேன். ஒருத்தர் போட்டோகூட எடுத்தார்."

அவன் கண் கலங்கியது. ரேவதி அவன் மார்பில் இருந்த எழுத்தை மறுபடியும் படித்தாள். கொக்கைக் கவனித்தார்கள், இலை விழுவதைக் கவனித்தார்கள், ஆளாளுக்கு அவரவர் மூச்சைக் கவனித்தார்கள். பக்கத்து பெஞ்சில் ஒருவனுக்குப் போன மூச்சு திரும்பி வராததைக் கவனிக்கவில்லை. கடைசியில் அவரைத் தொட்டது யாரென்று அவளுக்கு நேற்றே தெரியும். ஏரிக்கரையைப் பெருக்குகிற பொன்னியம்மா. "காலத் தூக்கு நைனா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, துடைப்பக் கட்டையால் தட்டியிருக்கிறாள்.

"இன்னொரு விஷயம்," என்றான் அரவிந்தன். "நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். மேளம், ஆட்டம் எதுவும் இல்லாம, இந்தக் கடைசி நடைய மௌனமா வச்சுக்கலாமான்னு. அவருக்கு அதுதான் பிடிச்சிருக்கும்."

தசரதன் பந்தல் கம்பை விட்டு உள்ளே வந்தார். "இன்னாபா சொல்ற நீ? மேளம் இல்லாம தூக்கிகினு போறதுக்கு இன்னா அனாதப் பொணமா? பசங்க காலீலர்ந்து பறையக் காய்ச்சிகினு கீறானுங்க."

"இல்லங்க, அவரோட கடைசி அஞ்சு வருஷம் நாங்க அவரப் பக்கத்துல இருந்து பாத்திருக்கோம்."

"அதுக்கு மின்னாடி அறுவத்தோரு வருசம் யாருபா பாத்தது?"

இரண்டு பேரும் ரேவதியைப் பார்த்தார்கள். அவள்தான் ஒரே பிள்ளை. தெருவே அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று வாசலில் எட்டிப் பார்த்தது.

"மேளம் அடிக்கட்டும்," என்றாள் ரேவதி. "நாப்பது நிமிசம் மௌனமா இருந்தீங்களே, அது போதும்."

அரவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான். போயிருக்கலாம். ஆனால் வெறும் கையோடு திரும்ப மனமில்லாதவன் போல, யாரிடம் என்றில்லாமல் பேசினான்.

"எங்க எல்லாரையும்விட அவர்தான் சிரத்தையா இருந்தார். அந்தக் காலோட ஒரு நாள் தவறினதில்ல."

"எந்தக் காலு?" என்றாள் ரேவதி.

"இடது கால்தான். இழுத்து இழுத்து நடப்பாரே. அதோட தினம் மூணு கிலோமீட்டர். நல்ல எலும்பு டாக்டரா பாருங்க சார்னு எத்தனையோ தடவ சொன்னேன். இது பயிற்சி தம்பின்னு சொல்லிட்டு நடந்துகிட்டே இருப்பார்."

பேபியின் ஒப்பாரி பாதி வரியில் நின்றது.

"எங்கண்ணனுக்குக் கால்ல ஒண்ணும் கெடையாதே," என்றார் தசரதன். "முந்தாநேத்திகூட மாடிப்படி தடதடன்னு ஏறினாரு. வாதம் கீதம் வந்துச்சோ இன்னாவோ."

"எப்பலர்ந்து அப்டி நடந்தாரு?" ரேவதியின் குரல் கம்பெனியில் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது வருகிற குரலாக இருந்தது.

"நாலு மாசம் இருக்கும். நான் பொங்கல் லீவு முடிஞ்சு வந்தேன், அந்த வாரம் ஆரம்பிச்சது. மொதல்ல பாதி ரவுண்டு. அப்புறம் முழுசும் அப்படித்தான்." புரியவில்லையோ என்று அவன் நடந்தே காட்டினான். இடது பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினான். இடுப்பை ஒரு பக்கம் இறக்கினான். காலைத் தரையோடு அரை வட்டமாக இழுத்து ஓர் அடி வைத்தான். "இப்படி."

அந்த நேரத்தில் ஐஸ் பெட்டி நாலாவது முறையாக நின்றது.

பிளக் எதிர்ச்சுவரில் இருந்தது. ரேவதி கூடத்தின் குறுக்கே நடந்து போனாள். எட்டு அடி தூரம். இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பி, இடுப்பு ஒரு பக்கம் இறங்கி, கால் சிமெண்டுத் தரையில் அரை வட்டமாக உரசிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்துச் செருகினாள். பெட்டி உறுமியது. அவள் எழுந்து திரும்பியபோது அரவிந்தன் காலை நேராக்கிக்கொண்டிருந்தான். எழிலரசி வாயைப் பொத்தியிருந்தாள். வெள்ளை டி-ஷர்ட் அத்தனையும் அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கூட்டம் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு நடையைக் கவனித்தது.

பேபி மகளைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

ரேவதி பெட்டிக்குள் பார்த்தாள். அதே உறைந்த சிரிப்பு. வீட்டுக்குள் நேராக நடந்திருக்கிறார், ஏரிக்கரையில் கோணி நடந்திருக்கிறார். யார் என்று தெரியாத ஆட்களுக்கு முன்னால், கொக்குகளுக்கு முன்னால். ஒரு சொல் சொல்லத் துப்பில்லாமல் தினம் மூன்று கிலோமீட்டர்.

"நேரமாச்சு சித்தப்பா," என்றாள். "தண்ணி ஊத்தற வேலயப் பாருங்க."

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். பறை அடித்த பையன்கள் தெருவையே தூக்கிப் போட்டார்கள். தசரதன் தீச்சட்டியோடு முன்னால் போனார். அவருக்குப் பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் ஆடினார்கள். ஒருவன் கூடையிலிருந்து சாமந்தியை உதிர்த்து வானத்தில் வீசிக்கொண்டே போனான். பாடைக்குப் பின்னால் வெள்ளை டி-ஷர்ட் கூட்டம், கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, குதிகால், பாதம், விரல் என்று அளந்து நடந்தது. பாடை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. இவர்கள் பின்தங்கினார்கள். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். பறைச் சத்தத்தில் அது அவர்கள் காதில் விழவில்லை. கடைசியில் அரவிந்தன்தான் முதலில் ஓடினான். மற்றவர்களும் மார்பில் எழுத்து குலுங்க ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். ரேவதி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தம் எஸ்டேட் ரோட்டில் திரும்பும்வரை பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தாள். சாமந்தி ஒட்டிய சாலையில் அவளுடைய இடது செருப்பு ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தது.

வீட்டைக் கழுவ வேண்டும். மாடி போர்ஷனுக்குப் போன மாதம்தான் குடிவந்த ஆக்னஸ், தூத்துக்குடிக்காரி, கேட்காமலே வாளியோடு இறங்கி வந்தாள். ரேவதி துணிப்பையைப் பிரித்தாள். போனை அலமாரியில் வைத்தாள். பாட்டிலில் பாதி தண்ணீர் இருந்தது. அதைத் துளசித் தொட்டியில் கொட்டினாள். செருப்பை எடுத்து வாசற்படியில், தான் கழற்றிவிட்ட செருப்புக்குப் பக்கத்தில் போட்டாள். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. கவிழ்த்துப் பார்க்கவில்லை.

பேபி கூடத்தில் உதிர்ந்த பூவையும் பொரியையும் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் தண்ணீர் ஊற்ற, ரேவதி இரண்டாவது வாளியைச் சுமந்துகொண்டு வந்தாள். வாளி ஒவ்வோர் அடிக்கும் இடது பக்கம் தளும்பியது.

"குடுங்க, நான் தூக்கிட்டு வாரேன்," என்று ஆக்னஸ் வாங்கிக்கொண்டாள். பிறகு, ரேவதி மறுபடியும் குழாயடிக்குப் போய்விட்டாள் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தினாள். "யக்கா, கேக்கேன்னு தப்பா எடுக்காதீங்க. ரேவதிக்குக் காலுல என்ன? பொறந்ததுல இருந்தேவா?"

ரேவதி சமையலறை நிலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அடுத்து வரப்போகிற சொல் அவளுக்குத் தெரியும். அதற்கு எத்தனை எழுத்து, எங்கே அம்மா மூச்சு விடுவாள் என்பதுவரை தெரியும்.

"சின்ன வயசுல..." என்று பேபி ஆரம்பித்தாள்.

துடைப்பத்தின் சத்தம் நின்றது. குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சொட்டியது. மறுபடியும் சொட்டியது.

"அவங்கப்பன் வண்டிலர்ந்து கீழ போட்டுட்டான்," என்றாள் பேபி.

துடைப்பம் மறுபடியும் தரையை உரசத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

ரேவதி உள்ளே வந்து ஆக்னஸின் கையிலிருந்த வாளியை வாங்கினாள். பெட்டி இருந்த இடத்தில், ஈரம் வட்டமாகக் கட்டியிருந்த இடத்தில், மொத்தத் தண்ணீரையும் ஒரே வீச்சில் கொட்டினாள். தண்ணீர் பூவையும் பொரியையும் சுருட்டிக்கொண்டு நிலையைத் தாண்டி வாசற்படிக்குப் பாய்ந்தது. அங்கே கிடந்த நான்கு செருப்புகளில், கனமான இரண்டு வலது செருப்புகளும் கொஞ்சம் நகர்ந்து படியிலேயே தங்கின. இடது செருப்புகள் இரண்டும் கிளம்பின. ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்தன. இரண்டுக்கும் வெளிவிளிம்பு காகிதமாகத் தேய்ந்திருந்தது. ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு, ஒன்றையொன்று இடித்தபடி, படி படியாக இறங்கித் தெருவுக்குப் போயின.

ரேவதி அடுத்த வாளிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.